ஐந்து ஷில்லிங் தூரம்

ஜன்னலோரத்தில் ஒருவர் கடிகாரமும் காகிதமுமாக உட்கார்ந்திருக்கிறார். கீழே ஊரின் பெரிய தெரு. மதியச் சாப்பாட்டு நேரம் நெருங்குகிறது. தெருவில் யார் போனாலும் குறித்துக்கொள்கிறார்: ஆணா, பெண்ணா, எத்தனை இடத்தில் நின்றார், எவ்வளவு வேகமாக நடந்தார். ஓர் ஆண் வருகிறார். நாலடி வைக்கிறார், நிற்கிறார். எதிரே வந்தவரிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு மறுபடி நடக்கிறார், மறுபடி நிற்கிறார், சுவரில் சாய்கிறார். பையும் பிள்ளையுமாக ஒரு பெண் விறுவிறுவென்று அவரைக் கடந்து போகிறாள். அவளுக்கு அடுப்பில் வேலை கிடக்கிறது.

இப்படி நூறு பேரை எண்ணிப் பார்த்தார்கள். ஆண்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் அந்தத் தெருவைக் கடப்பதற்குள் இரண்டு முறையாவது நின்றார்கள். நிற்காமல் போனவர் பத்தில் ஒருவர்தான். பெண்களில் பெரும்பாலானோர் நிற்கவே இல்லை, அல்லது ஒரே ஒரு முறை நின்றார்கள். ஆண்களுக்கு அவசரப்பட எதுவும் இல்லை. நேரம் அவர்களிடம் மலைபோல் குவிந்து கிடந்தது. அதில் வழுக்கி விழுந்துகொண்டிருந்தார்கள்.

ஊரின் பெயர் மரியெந்தால். வியன்னாவுக்குத் தென்கிழக்கே, கிராமாட்நொய்சீடில் என்ற ஊராட்சிக்குள் அடங்கிய ஆலைக் குடியிருப்பு. 1830இல் ஹெர்மன் டோடெஸ்கோ அங்கே ஒரு நூற்பாலையைத் தொடங்கினார். ஆலை வளர வளர ஊர் வளர்ந்தது. தொழிலாளர்களுக்கு வரிசை வீடுகள், பூங்கா, நூலகம், சங்கம் எல்லாம் ஆலையைச் சுற்றியே முளைத்தன. நூறு வருஷம் கழித்து எல்லாம் சில மாதங்களில் முடிந்துபோயிற்று. 1929 ஜூலையில் நூற்புப் பிரிவு நின்றது. அச்சுப் பிரிவும் வெளுப்புப் பிரிவும் அடுத்தடுத்து நின்றன. 1930 பிப்ரவரியில் தறிகளும் ஓய்ந்தன. அதன் பிறகு கொஞ்சம் பேருக்கு மட்டும் சில மாதம் வேலை கிடைத்தது. தாங்கள் உழைத்த ஆலையை இடித்துத் தள்ளும் வேலை.

1931இன் இறுதியில் ஆய்வாளர்கள் அங்கே போனபோது ஊரில் 478 குடும்பங்கள், 1,486 பேர். அவற்றில் 367 குடும்பங்களில் ஒருவருக்குக்கூட வேலை இல்லை.

இந்த ஆய்வு பிறந்த கதையில் ஒரு வேடிக்கை உண்டு. பால் லாசர்ஸ்ஃபெல்ட் என்ற இளைஞர் முதலில் ஆராய விரும்பியது தொழிலாளர்களின் ஓய்வு நேரத்தை. எட்டு மணி நேர வேலைக்காகப் போராடி வென்ற வர்க்கம் மிச்ச நேரத்தை எப்படிச் செலவழிக்கிறது என்று பார்க்க ஆசை. அதைச் சோஷலிஸ்ட் தலைவர் ஓட்டோ பவரிடம் சொன்னார். பவருக்கு எரிச்சல். ஊரெங்கும் வேலையில்லாமல் ஜனங்கள் தவிக்கும்போது ஓய்வு நேரம் பற்றி ஆராய்ச்சியா, வேலையின்மையை ஆராய்ந்தால் என்ன என்று கேட்டார். லாசர்ஸ்ஃபெல்ட், அவருடைய மனைவி மாரீ யஹோதா, நண்பர் ஹான்ஸ் ஸைசல் மூவரும் ஒரு சிறு குழுவோடு கிளம்பினார்கள். யஹோதாவுக்கு அப்போது 24 வயது. இந்த ஆய்வைப் பற்றிய புத்தகத்தின் பெரும்பகுதியை எழுதியவர் அவர்தான். 1933இல் லைப்சிக்கில் அது வெளிவந்தபோது அட்டையில் மூவர் பெயரும் இல்லை. யூதப் பெயர்கள் அட்டையில் வேண்டாம் என்று பதிப்பகம் கருதிய வருஷம் அது.

ஆனால் அந்தப் புத்தகத்தில் மறக்க முடியாதது குழு நடந்துகொண்ட விதம். கேள்வித்தாளைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கவில்லை. ஊருக்கு ஏதாவது உபயோகமாக இருந்துகொண்டுதான் ஊரைக் கவனிக்க வேண்டும், வெறும் வேடிக்கை பார்க்கிறவராக யாரும் போகக் கூடாது என்று தங்களுக்குள் விதி வைத்துக்கொண்டார்கள். வியன்னாவில் பழைய துணிகளைச் சேகரித்துக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். பெண்களுக்குத் துணி வெட்டும் வகுப்பு, சிறுமிகளுக்கு உடற்பயிற்சி வகுப்பு, இலவச மருத்துவ ஆலோசனை என்று நடத்தினார்கள். குழுவைச் சேர்ந்த லோட்டே டான்சிங்கர் வாரக்கணக்கில் அங்கேயே தங்கினார். துணி கொடுக்கப் போன வீட்டில் அலமாரி தெரியும், அடுப்பு தெரியும், யார் எதைக் கேட்கக் கூச்சப்படுகிறார்கள் என்பதும் தெரியும். இப்படிச் சேர்ந்த குறிப்புகள் மட்டும் சுமார் 30 கிலோ.

அந்த 30 கிலோவிலிருந்து யாரும் எதிர்பார்க்காத ஒன்று வெளியே வந்தது. வேலையில்லாதவன் கொதித்தெழுவான் என்று ஒரு சாரார் நம்பினார்கள். கிடைத்த நேரத்தில் படிப்பான், சங்கத்துக்குப் போவான், அரசியல் பேசுவான் என்று இன்னொரு சாரார் நம்பினார்கள். இரண்டும் நடக்கவில்லை. நூலகத்தில் புத்தகம் எடுக்கக் கட்டணமே இல்லை என்று ஆக்கிய பிறகும், 1929க்கும் 1931க்கும் இடையில் இரவல் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தது. ஆர்பைட்டர் ஸைட்டுங் என்ற கட்சி நாளிதழ் வேலையில்லாதவர்களுக்குச் சலுகை விலை கொடுத்தது. அதற்கும் சந்தாக்கள் பாதிக்கு மேல் விழுந்தன. ஒரு காலத்தில் ஊரின் பெருமையாக இருந்த பூங்காவில் பாதைகளை மறைத்துக் களை மண்டியது. எல்லோருக்கும் நேரம் இருந்தது. களை பிடுங்க மட்டும் ஒரு கை நீளவில்லை.

நேரம் எங்கே போயிற்று? அதையும் கேட்டார்கள். எண்பது பேரிடம் நேரக்குறிப்புத் தாள் கொடுத்து, காலையிலிருந்து இரவு வரை மணிக்கு மணி என்ன செய்தீர்கள் என்று எழுதச் சொன்னார்கள். பெண்களின் தாள்கள் நிரம்பி வழிந்தன. அடுப்பு மூட்டியது, துவைத்தது, தைத்தது, பிள்ளைகளுக்குச் சோறு. ஆண்களின் தாளில் நாளுக்கு மூன்று முளைகள்தான். எழுந்தது, சாப்பிட்டது, படுத்தது. நடுவில் கொஞ்சம் சுள்ளி பொறுக்கியது, கொஞ்சம் நின்றது, இருந்தது. காலைப் பொழுது எப்படிப் போயிற்று என்றால் சொல்லத் தெரியாது, போயிற்று. இதில் உச்சம், ஊர்ப் பெண்கள் ஆய்வாளர்களிடம் வைத்த புகார்: வேலைக்குப் போன காலத்தில் மணி அடித்தால் சாப்பாட்டுக்கு வந்து நின்ற மனுஷன், இப்போது ஒரு வேலையும் இல்லாதபோது சாப்பாட்டுக்குத் தாமதமாக வருகிறார்!

படிக்கும்போது சிரிப்பு வருகிறது. சிரித்து முடித்த பிறகு கொஞ்சம் உறைக்கிறது.

பெண்கள் வேலையிழக்கவில்லை என்று சொல்லிவிடலாமா? ஆலையில் அவர்களும்தான் உழைத்தார்கள். ஆலை மூடியபோது பாதி வேலைதான் போயிற்று. வீட்டில் இருக்கும் மற்றப் பாதி யாராலும் மூடப்படுவதில்லை. ஆலை நாட்களில் இரவு பதினோரு மணிக்கு மேல் உட்கார்ந்து துணி தைத்தவர்கள் அவர்கள். அப்படியிருந்தும் ஆலை திறந்தால் நாளைக்கே போய்விடுவோம் என்றார்கள். சம்பளத்துக்காக மட்டும் இல்லை. வீட்டு வாசலைத் தாண்டி நாலு பேரோடு இருந்த நாள் அது.

ஆய்வாளர்கள் குடும்பங்களை நான்கு வகையாகப் பிரித்தார்கள். இன்னும் உடையாமல் நிற்பவர்கள். எதிர்பார்ப்பைச் சுருக்கிக்கொண்டு, வீட்டையும் பிள்ளைகளையும் ஒழுங்காகப் பார்த்துக்கொண்டு, நாளையைப் பற்றி யோசிக்காமல் இருப்பவர்கள். மனம் கசந்து நம்பிக்கை இழந்தவர்கள். கடைசியாக, எதையுமே கவனிக்காமல் விட்டுவிட்டவர்கள். ஊரில் பெரும்பான்மை இரண்டாவது வகை. இதுவரை இது மனப்பான்மைகளின் பட்டியல். இந்தப் பட்டியலோடு நிறுத்தியிருந்தால் அந்தப் புத்தகம் வழக்கமான உபதேசமாக முடிந்திருக்கும். சிலர் மனதைத் தளரவிடுவதில்லை பாருங்கள், உங்களுக்கு என்ன கேடு என்று.

அடுத்த பக்கத்தில் அவர்கள் செய்த காரியம் எளிமையானது. ஒவ்வொரு வகைக் குடும்பத்துக்கும் தலைக்கு மாத வருமானம் எவ்வளவு என்று கணக்குப் போட்டார்கள். உடையாதவர்களுக்கு 34 ஷில்லிங். சுருங்கிக்கொண்டவர்களுக்கு 30. கசந்தவர்களுக்கு 25. விட்டுவிட்டவர்களுக்கு 19. மனநிலை என்று நினைத்தது படிக்கட்டாக இறங்கி வந்தது. ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் சுமார் ஐந்து ஷில்லிங் தூரம்.

ஐந்து ஷில்லிங் என்றால் என்ன என்பதையும் அவர்கள் எழுதி வைத்தார்கள். சர்க்கரை போடுவதா, சாக்கரின் போடுவதா என்பது. பிள்ளையின் செருப்பைத் தைத்துப் போட்டுப் பள்ளிக்கூடம் அனுப்புவதா, வீட்டில் நிறுத்திக்கொள்வதா என்பது. ஒரு சிகரெட் வாங்குவதா, தெருவில் கிடக்கும் துண்டைப் பொறுக்குவதா என்பது. உதவித்தொகை காலம் முடிய முடியக் குறைந்துகொண்டே போகும். முதலில் வேலையில்லாதோர் காப்பீட்டுப் பணம், பிறகு நெருக்கடி உதவி, பிறகு ஒன்றும் இல்லை. எனவே இன்று உடையாமல் நிற்கிற குடும்பம் அடுத்த வருஷம் எந்தப் படியில் இருக்கும் என்பதைப் பெரும்பாலும் அஞ்சல் வழியாக வரும் ஓர் உத்தரவே தீர்மானித்துவிடும். குடும்பத்தலைவரின் மன உறுதி அதில் நடுவே எங்கோ வருகிறது, அவ்வளவுதான்.

குழந்தைகளிடம் கிறிஸ்துமஸுக்கு என்ன வேண்டும் என்று கட்டுரை எழுதச் சொன்னார்கள். பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் ஆசைப்பட்ட பொருள்களின் விலையில் மூன்றில் ஒரு பங்குதான் மரியெந்தால் பிள்ளைகளின் ஆசைக்கு ஆயிற்று. அதிலும் பலர் "அப்பாவுக்கு வேலை இருந்தால்" என்ற தொனியில்தான் எழுத ஆரம்பித்தார்கள். ஆசைப்படுவதற்கும் அளவு பார்க்க அந்த வயதிலேயே பழகியிருந்தார்கள்.

இதற்கிடையில் ஊருக்குள் இன்னொரு வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. மொட்டைக் கடிதம் எழுதும் வேலை. இன்னார் உதவிப்பணமும் வாங்குகிறார், மறைவாகக் கூலி வேலையும் செய்கிறார் என்று அதிகாரிகளுக்குப் போன புகார்கள் ஆலை மூடிய பிறகு சரசரவென்று ஏறின. விசாரித்தால் உண்மையாக இருந்தவற்றின் எண்ணிக்கை மட்டும் ஏறவில்லை. சட்டமும் அப்படித்தான் இருந்தது. மரம் வெட்ட உதவிக் கொஞ்சம் விறகு வாங்கியவருக்கு உதவித்தொகை போயிற்று. வீடு வீடாகப் பால் கொடுத்துவிட்டுத் தன் பிள்ளைக்குக் கொஞ்சம் பால் வாங்கிக்கொண்ட பெண்ணுக்குப் போயிற்று. மவுத் ஆர்கன் வாசித்துச் சில்லறை சேர்த்தவருக்கும் போயிற்று. நாள் முழுக்கச் சுவரில் சாய்ந்து நின்றவருக்குப் பணம் தவறாமல் வந்தது. கையைக் காலை அசைத்தால் ஆபத்து. அப்புறம் இவர்கள் ஏன் அசைவதில்லை என்று ஆச்சரியப்படுவார்கள்!

வேலையில்லாதவரைத் திட்டத் தமிழில் சொற்பஞ்சம் இல்லை. தண்டச்சோறு, உதவாக்கரை, வெட்டி ஆபீஸர், ஊர் சுற்றி. பெண் பார்க்கிற வீட்டில் "மாப்பிள்ளை என்ன பண்றார்?" என்ற கேள்விக்கு "சும்மாதான் இருக்கார்" என்று பதில் வந்தால் பேச்சு அத்தோடு முடிந்தது. அதே "சும்மா இருத்தல்" சித்தர் வழியில் வந்தவர்களுக்கு ஆன்மிகத்தின் கடைசிப்படி. ஒரே சொல்லுக்கு இரண்டு விலை. முதல் விலையைக் கொடுப்பவர்கள் யாரும் இரண்டாவதைப் பற்றிப் பேசுவதில்லை. மரியெந்தாலின் ஆண்கள் சும்மா இருக்கக்கூட முடியாதவர்கள். சும்மா இருக்கவும் அடுத்த வேளை நிச்சயமாக வேண்டும்.

வேலையில்லாதவர் சோம்பேறியோ என்ற சந்தேகத்தை அரசாங்கமே சட்டமாக எழுதிக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்குப் பிரிட்டன் சாட்சி. 1921இலிருந்து அங்கே உதவிப்பணம் கேட்கிறவர் தாம் உண்மையாகவே வேலை தேடுகிறோம் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. வேலை இருக்கிறதா என்பது கேள்வியே இல்லை. எந்தெந்தத் தொழிற்சாலை வாசலில் எந்தெந்தக் கிழமை போய் நின்றாய் என்பதுதான் கேள்வி. சுரங்கம் மூடிய பள்ளத்தாக்குகளில் அத்தனை பேரும் இல்லாத வேலையை வாசல் வாசலாகத் தேடி நடந்தார்கள், நடந்ததற்கு அத்தாட்சிக்காக. 1930இல் அந்த விதியை எடுப்பதற்குள் கிட்டத்தட்ட 30 லட்சம் விண்ணப்பங்கள் அதன் பேரில் நிராகரிக்கப்பட்டிருந்தன. விதி போயிற்று, எண்ணம் போகவில்லை. 2013இல் அங்கே வந்த யுனிவர்சல் கிரெடிட் முறையில், உதவி பெறுகிறவர் வாரத்துக்கு 35 மணி நேரம் வரை வேலை தேடியதாகக் கணக்குக் காட்ட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குகிறார்கள். வேலை இருந்தால் செய்ய வேண்டிய அதே நேரத்தை வேலை தேடுவதில் செலவழித்தேன் என்று காட்டச் சொல்கிறது அரசு. இந்த ஏற்பாட்டில் ஒரு விநோதமான கவிதை இருக்கிறது. திரைப்பட இயக்குநர் கென் லோச் இதைத்தான் 2016இல் நியூகாஸில் நகரத் தச்சர் ஒருவரின் கதையாகப் படமெடுத்து, கேன்ஸ் திரைப்பட விழாவில் தங்கப்பனை விருது வாங்கினார்.

தேடினால் கிடைக்கும் என்ற நம்பிக்கைக்கு முதலாளிகள் தரப்பில் என்ன பதில் என்றும் பார்க்க வேண்டும். கோரி கிராஃப்ட், ஃபேபியன் லாங்கே, மேத்யூ நோட்டோவிடிக்டோ என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள் அமெரிக்காவின் நூறு பெரிய நகர்ப்பகுதிகளில் சுமார் 3,000 வேலை விளம்பரங்களுக்கு 12,000 கற்பனை விண்ணப்பங்களை அனுப்பினார்கள். படிப்பும் அனுபவமும் சமமாக வரும்படி பார்த்துக்கொண்டு, எத்தனை மாதமாக வேலையில்லை என்பதை மட்டும் சீட்டுக் குலுக்கியதுபோல் மாற்றினார்கள். 2013இல் முடிவை வெளியிட்டார்கள். முதல் எட்டு மாதத்துக்குள் நேர்காணலுக்கு அழைப்பு வருவது வேகமாகச் சரிந்தது. அதன் பிறகு சரிய அதிகம் இடமில்லை. ஆளைப் பார்க்கவில்லை, பேசவில்லை, அவர் சோம்பேறியா சுறுசுறுப்பா என்று யாருக்கும் தெரியாது. கற்பனை மனிதருக்கு ஏது சோம்பல்? காகிதத்தில் ஓர் இடைவெளி தெரிந்தது, அது போதுமானதாக இருந்தது.

மாரீ யஹோதாவுக்கு வருவோம். 1936இன் இறுதியில் ஆஸ்திரியாவின் சர்வாதிகார அரசு, சட்டவிரோதச் சோஷலிஸ்ட் வேலைகளுக்காக அவரைச் சிறையில் போட்டது. நாட்டை விட்டுப் போய்விட வேண்டும் என்ற நிபந்தனையோடு 1937இல் விட்டது. இங்கிலாந்து போய்ச் சேர்ந்த அவர் தேடிப் போனதும் ஒரு வேலையில்லாத ஊரைத்தான். தென் வேல்ஸின் கிழக்குப் பள்ளத்தாக்கு. சுரங்கத் தொழிலாளர்களின் வீடுகளில் தங்கினார்.

அங்கே குவேக்கர் கிறிஸ்தவர்கள் தொடங்கிய திட்டம் ஒன்று நடந்துகொண்டிருந்தது. வருஷக்கணக்கில் வேலையில்லாதிருந்த ஏறத்தாழ 400 பேர் அதில் சேர்ந்திருந்தார்கள். காய்கறி விளைவித்தார்கள், ரொட்டி சுட்டார்கள், செருப்பும் துணியும் தைத்தார்கள். சம்பளம் கிடையாது. அரசின் உதவிப்பணம் வழக்கம்போல் வரும். தாங்கள் செய்த பொருளை அடக்க விலைக்கு வாங்கிக்கொள்ளலாம். சாப்பாட்டு மேசை முன்பைவிட நிறைந்தது. வயதானவர்கள் காலையில் எழுந்து கிளம்ப ஓர் இடம் கிடைத்ததில் ஆறுதலடைந்தார்கள். யஹோதாவின் கண்ணுக்கு இது எல்லாமும் தெரிந்தது. இன்னொன்றும் தெரிந்தது. இளைஞர்கள் இதை வேலையென்று ஏற்கவில்லை. கூலியில்லாத உழைப்பு என்ற சந்தேகம் ஊரில் ஓயவில்லை. உள்ளே இருந்தவர்களுக்கும் இது உண்மையான வேலைக்கு ஓர் ஒட்டுத்துணி மாதிரிதான் இருந்தது. மனிதரின் நாளுக்கு ஓர் ஒழுங்கு கொடுத்தால் போதும் என்று நினைத்தவர்கள் சம்பளக் கவரின் கனத்தைக் குறைவாக எடை போட்டுவிட்டார்கள்.

அறிக்கையை எழுதி, திட்டத்தை நடத்தியவர்களில் முக்கியமானவரான ஜிம் ஃபாரெஸ்டரிடம் காட்டினார். அந்த நல்ல மனிதர் துடித்துப்போனார். தன் வாழ்க்கையின் பெருங்காரியத்தையே இது குலைத்துவிடும் என்று வருந்தினார். யஹோதா அறிக்கையை மடித்து உள்ளே வைத்துவிட்டார். 1938இல் எழுதியது, 1987இல்தான் அச்சேறியது. கண்டதை மறைக்கக் கூடாது என்று ஆய்வாளர்கள் சத்தியம் செய்வது வழக்கம். அந்தச் சத்தியத்தை மீறியதற்காக யஹோதாவைக் குறை சொல்லலாம்தான். ஆனால் துணி கொடுத்துக்கொண்டே ஊரைப் பார்க்கப் பழகிய ஒருவர் வேறெப்படி நடந்திருப்பார் என்றும் தோன்றுகிறது.

1982இல் எழுதிய புத்தகத்தில் அவர் இந்த இரண்டு ஊர்களையும் ஒன்றாக வைத்து யோசித்தார். வேலை சம்பளத்தைத் தருகிறது, அது வெளிப்படை. கூடவே யாரும் கேட்காத ஐந்தைத் தருகிறது. நாளுக்கு ஓர் ஒழுங்கு, வீட்டுக்கு வெளியே மனிதர்கள், தன்னைவிடப் பெரிய காரியத்தில் பங்கு, ஊரில் ஓர் இடம், தினமும் கையும் காலும் அசைய ஒரு கட்டாயம். அலுவலகத்தைத் திட்டிக்கொண்டே போகிறவருக்கும் இந்த ஐந்தும் இலவசமாகக் கிடைக்கின்றன. வேலை போகும்போதுதான் கணக்கு தெரிகிறது. பூங்காவில் களை மண்டியதற்கும் நூலகம் காலியானதற்கும் ஏறக்குறைய ஐம்பது வருஷம் கழித்து அவர் கண்டுபிடித்த விளக்கம் இது.

2001இல் அவர் இறந்தார். 2020 அக்டோபரில் ஆய்வாளர்கள் மறுபடி கிராமாட்நொய்சீடிலுக்கு வந்தார்கள்.

இந்த முறை வந்தவர்கள் வேலையோடு வந்தார்கள். கீழ் ஆஸ்திரிய மாநிலத்தின் அரசு வேலைவாய்ப்புச் சேவை ஓர் அறிவிப்பு செய்தது: இந்த ஊராட்சியில் ஒரு வருஷத்துக்கு மேல் வேலையில்லாமல் இருக்கும் ஒவ்வொருவருக்கும் சம்பள வேலை உறுதி. விருப்பமிருந்தால் வரலாம், வராவிட்டால் தண்டனை இல்லை. முதலில் இரண்டு மாதம் தயாரிப்புப் பயிற்சி, பிறகு ஊதிய ஒப்பந்தப்படி முறையான சம்பளம். தனியார் கம்பெனியில் இடம் கிடைத்தால் மானியத்தோடு அங்கே. கிடைக்காதவர்களுக்குத் திட்டமே வேலையை உருவாக்கும். தச்சுப் பட்டறை, பழைய தளவாடங்களைப் புதுப்பித்தல், தையல், பொதுவிடங்களின் புல்லையும் செடியையும் பராமரித்தல்.

மாக்ஸிமிலியன் காஸி, லூக்காஸ் லேனர் என்ற ஆக்ஸ்ஃபோர்ட் பொருளாதார அறிஞர்கள் விளைவை அளந்தார்கள். தொடக்கத்தில் இருந்த 62 பேரை இரண்டு அணியாகக் குலுக்கிப் பிரித்தார்கள். ஓர் அணி அக்டோபரில், மற்றது நான்கு மாதம் கழித்து. அந்த நான்கு மாதம், வேலை கிடைத்தவர்களையும் காத்திருந்தவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது. ஆய்வுக் கேள்விகள் யஹோதாவின் ஐந்திலிருந்து எடுக்கப்பட்டவை. உங்கள் நாளுக்கு ஓர் ஒழுங்கு இருக்கிறதா? வெளியே மனிதர்களைப் பார்க்கிறீர்களா? உங்களால் யாருக்காவது பயன் உண்டென்று தோன்றுகிறதா?

வேலை கிடைத்தவர்களின் வருமானம் உயர்ந்தது, அது எதிர்பார்த்ததுதான். நேர ஒழுங்கு, மனிதத் தொடர்பு, ஊரில் மதிப்பு, பயனுணர்வு எல்லாம் சேர்ந்து உயர்ந்தன. ஊராட்சியில் நீண்டகால வேலையின்மை கிட்டத்தட்டத் துடைத்தெடுத்ததுபோல் ஆயிற்று. அழைக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ எல்லோரும் வந்தார்கள். சோம்பேறிகளைப் பற்றிய தேசியக் கவலைக்கு இந்த ஒரு தகவலே போதும். செலவு? ஆளுக்கு வருஷத்துக்கு ஏறத்தாழ 30,000 யூரோ. ஒருவரை ஒரு வருஷம் வேலையில்லாமல் வைத்திருக்க ஆஸ்திரிய அரசுக்கு ஆகும் செலவும் அதே அளவுதான்.

மாறாதவையும் இருந்தன. உடல்நிலையில் பெரிய முன்னேற்றம் தெரியவில்லை. அதைவிடச் சுவையானது வேறு. ரிஸ்க் எடுக்கும் துணிவு எவ்வளவு, இன்றைய லாபத்துக்கு ஆசைப்படுவாரா நாளைக்காகப் பொறுப்பாரா என்பதையெல்லாம் அளந்து பார்த்தார்கள். அவற்றிலும் மாற்றமில்லை. அதாவது, வழக்கமாகக் குணம் என்று நாம் பெயரிடும் சாமான்கள் வேலைக்கு முன்னும் பின்னும் அப்படியேதான் இருந்தன. குணத்தைத் திருத்தாமலேயே மனிதர்கள் காலையில் எழுந்து வேலைக்குப் போனார்கள்.

பிரான்ஸிலும் இதே நம்பிக்கையில் ஒரு முயற்சி நடக்கிறது. பாத்ரிக் வாலாந்தன் என்பவரின் யோசனை, வறுமை எதிர்ப்பு இயக்கமான ஏ.டி.டி. நான்காம் உலகம் முன்னெடுத்தது. 2016இல் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் எதிர்ப்பே இல்லாமல் சட்டம் நிறைவேற்றின. பத்துப் பகுதிகளில் தொடங்கினார்கள். வேலைக்கு லாயக்கற்றவர் என்று யாரும் இல்லை, செய்ய வேண்டிய வேலைக்கும் குறைவில்லை, பணத்துக்கும் குறைவில்லை என்ற மூன்று அடித்தளங்கள். மூன்றாவதில்தான் நிதி அமைச்சகங்களோடு தகராறு வரும், வந்துகொண்டும் இருக்கிறது.

மரியெந்தால் திட்டத்தின் மேல் எழுப்பப்படும் கேள்விகளை ஒதுக்கிவிட முடியாது. சின்ன ஊரில் நூறு பேருக்குச் செய்ததை நகரத்தில் ஒரு லட்சம் பேருக்குச் செய்ய முடியுமா? அரசு உருவாக்கிய வேலை, வேல்ஸ் இளைஞர்கள் சந்தேகப்பட்டது போல, இன்னொரு ஒட்டுத்துணியா? முதல் கேள்விக்கு இந்தத் திட்டத்தில் பதில் இல்லை. இரண்டாவதற்குப் பதில் சம்பளக் கவரில் இருக்கிறது. 1938இல் கவர் இல்லை, 2020இல் இருந்தது. இரண்டு திட்டத்துக்கும் இடையிலுள்ள தூரம் அதுதான் என்று சொல்லத் துணியலாம்.

திட்டம் 2024 மார்ச்சோடு முடிந்தது. சிலர் அதற்கு முன்பே வெளியே வேலை தேடிக்கொண்டு போயிருந்தார்கள். சிலருக்கு ஓய்வு வயது வந்திருந்தது. மற்றவர்கள் மறுபடியும் வேலைவாய்ப்பு அலுவலகப் பட்டியலுக்கு.

அதற்கு முந்தைய மூன்றரை வருஷம், 1931இல் களை மண்டிக் கிடந்த பூங்கா இருந்த அதே ஊரில், வருஷக்கணக்கில் வேலையில்லாமல் இருந்த சிலர் மண்வெட்டியும் புல் வெட்டும் இயந்திரமுமாகப் பொதுவிடங்களைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். அவர்களிடம் வேலை ஒப்பந்தத் தாள் இருந்தது. எத்தனை மணிக்கு வர வேண்டும், எத்தனை மணிக்குப் போகலாம், எத்தனை ஷில்லிங் இல்லை, எத்தனை யூரோ என்று அதில் எழுதியிருந்தது. நடுவில் ஒரு சாப்பாட்டு இடைவேளை.